பீற்றிஸின் கை எட்டும் உயரம்

காத்தான்குடியில் பலகைக் கடை வைத்திருக்கும் முஹம்மட், தெருமுனையில் என் சைக்கிள் மணி கேட்டதுமே கடையைப் பூட்டிவிட்டு மத்தியான லுஹர் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுவார் என்று ஒரு கதை உலாவுகிறது. காலை ஒன்பது மணிக்கு ஏது லுஹர்? ஆனாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த ஆடி மாதத்தில் மட்டும் அவருடைய கடையில் பதினோராயிரம் பிளைவூட் பலகைகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். சரி, அவ்வளவு இராது. நாற்பது பலகை என்று வையுங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் இருநூற்றெழுபத்தைந்து தடவை பார்த்தேன். பெருக்கிப் பாருங்கள், நான் சொன்ன இடத்துக்குத்தான் வரும்.

என் பெயர் இராயப்பு. மட்டக்களப்பு தாண்டவன்வெளியில் இருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஆற்றிலும் குளத்திலும் வாவியிலும் நட்டிருக்கும் அளவுகோல்களைப் பார்த்து நீர்மட்டம் குறித்துக்கொடுப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. அரை அங்குலம் கூட்டிச் சொன்னால் வவுணதீவுப் பக்கத்து வயல் வட்டை முழுவதும் பயந்து எழும்பும். அரை அங்குலம் குறைத்துச் சொன்னால் மூழ்கும். ஆகவே முப்பத்திரண்டு வருடம் வாயைக் கட்டி வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஏழு மணிக்கு அவிழ்த்துவிட்டேன். அதற்குப் பிறகு அதைப் பிடித்துக் கட்ட ஒருவராலும் முடியவில்லை.

முடிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் என் மனைவி பீற்றிஸ். அவள் கனடாவில் இருக்கிறாள். மகள் சுகந்தினிக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கும்போது உதவிக்கென்று போனாள். ஆறு மாதம் என்றுதான் பேச்சு. இப்போது பத்தொன்பது மாதம். அவளுக்குக் கொடுத்திருக்கும் விசாவில் வருடக்கணக்காக இருக்கலாமாம். அந்த விசாவைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் மனைவியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தவனாகத்தான் இருப்பான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கு. நாற்பது வருடத்துக்கு முன் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு சைக்கிளோடும் நான் பீற்றிஸின் வீட்டுக்கு வந்தேன். சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவளைக் கேட்டுத்தான் அடிப்பேன். இப்போதும் அப்படித்தான். "புள்ள, இவடத்த ஒரு ஆணி அடிக்கட்டா?" என்று வெறும் குசினியைப் பார்த்துக் கேட்பேன். பதில் வராது. பதில் வராததால் அடிக்காமல் விட்ட ஆணிகள் ஒரு தகரப் பேணி நிறையக் கிடக்கின்றன.

அந்தக் குசினியில் ஓர் அலுமாரி இருந்தது. மரத்தூளையும் பசையையும் பிசைந்து அழுத்திச் செய்கிற சிப்போர்ட் அலுமாரி. கடையில் பார்க்கும்போது பளபளவென்று மாப்பிள்ளை மாதிரித்தான் நின்றது. போன மார்கழி மழையில் வாவித் தண்ணீர் குசினிக்குள் ஒரு சாண் உயரத்துக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போனது. அலுமாரியின் கால்கள் ஊறிய பாண் போலப் பொங்கின. மூன்றாம் நாள் அப்படியே முழங்கால் மடித்து உட்கார்ந்தது. பீற்றிஸின் பேணிகளையும் போத்தல்களையும் நிலத்தில் வரிசையாக அடுக்கி வைத்தேன். அன்றிலிருந்து அவை நிலத்தில்தான்.

சித்திரையில் ஒருநாள் தொலைபேசியில், "எப்ப புள்ள வாறாய்?" என்று கேட்டேன். "வந்து என்ன செய்யிற? ஒரு பேணி வைக்க அலுமாரி இல்லாத குசினிக்கு" என்றாள் பீற்றிஸ். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அலுமாரி இருந்தால் வருவாள் என்று பிடித்துக்கொண்டேன். தண்ணீரில் போகிறவன் எதைத்தான் பிடிக்க மாட்டான்? தண்ணீரில் நின்றாலும் பொங்காத பலகையில், என் கையாலேயே ஓர் அலுமாரி செய்துவிடுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

"என்ன சேர், இண்டைக்கும் பாக்கத்தானா?" என்றார் முஹம்மட், என்னைக் கண்டதும்.

"பாத்தாத்தானே முதலாளி வாங்கலாம்."

"பொண்ணு பாக்கப் போறவனும் இப்பிடிப் பாக்க மாட்டான் சேர். நீங்க உள்ள வரக்குள்ள பலகையெல்லாம் வெக்கப்பட்டுக் கிறுகி நிக்குது."

அவர் சொல்வது சரி. ஆனால் பிளைவூட்டை முகத்தைப் பார்த்து எடுக்கக் கூடாது. முகத்தில் ஒட்டியிருக்கும் மேல் ஏடு வெங்காயச் சருகை விட மெல்லிசு. அதை எவனும் அழகாக ஒட்டுவான். விளிம்பைப் பார்க்க வேண்டும். மெல்லிய மர ஏடுகளை ஒன்றை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் வைத்து ஒட்டியதுதான் பிளைவூட். முக்கால் அங்குலத் தடிப்புக்குள் பதின்மூன்று ஏடு எண்ண முடிந்தால் அந்தப் பலகைக்கு முதுகெலும்பு இருக்கிறது. ஏழுதான் என்றால் அது தேத்தண்ணியில் தோய்க்கிற பிஸ்கட். ஏடுகளுக்கு நடுவே கறுப்பாகப் பொந்து தெரிந்தால் உள்ளே ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஆணி அங்கே போனால் கிணற்றில் போட்டது மாதிரி. பிறகு விரல் கணுவால் மூலைக்கு மூலை தட்டிக்கொண்டு போக வேண்டும். நல்ல இடம் "டக்" என்னும். பொந்துள்ள இடம் "டொப்" என்னும். ஒரு பலகை என்னைப் பார்த்து "டொப் டொப் டொப்" என்று முழு நீளத்துக்கும் வாய்விட்டுச் சிரித்தது. கடைசியாக, பலகையின் ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனை வரைக்கும் பார்க்க வேண்டும். வாவி மாதிரி மட்டமாகக் கிடந்தால் எடுக்கலாம். கடல் மாதிரி எழும்பி விழுந்தால் திருப்பி வைத்துவிட வேண்டும்.

"இது மரைன் சேர்" என்றார் முஹம்மட். "கப்பலுக்குப் போடுற சாமான். முத்திரையப் பாருங்க."

"எந்தக் கப்பலுக்கு?"

"மிதக்கிற கப்பலுக்கு."

"கடலுக்குள்ள தாண்டுபோன கப்பலுக்குப் போட்டது எது?"

"அந்தா அந்த மூலைல இரிக்கி. போன கிழமை நீங்க வேணாமெண்டு தள்ளி வச்சது."

முத்திரையை நான் நம்புவதில்லை. முத்திரை மையால் குத்துவது. தண்ணீரில் போட்டால் முதலில் போவது அதுதான்.

"ஆருக்கு சேர் இந்த அலுமாரி?" என்று கேட்டார்.

"பீற்றிஸுக்கு."

"வாறாவா?"

"அலுமாரி வந்தா வருவா."

முஹம்மட் கேலியை நிறுத்திவிட்டார். ஒரு கதிரையை இழுத்து எனக்குப் போட்டார். "நம்மட வீட்டுக்காரி நஸீபா கட்டாருக்கு மகள்ட்டப் போய் மூணு மாசம் நிண்டா சேர். நான் தேத்தண்ணிக்குச் சீனி போடணுமா போடக் கூடாதா எண்டு எனக்கே தெரியாமப் போச்சி. டொக்டர் சொன்னதையும் அவதானே கேட்டு வச்சிருந்தா" என்றார். பிறகு எழும்பிப் போய், நான் கேட்காமலே நாலு வகைப் பலகையில் நாலு துண்டு வெட்டிக் கொண்டுவந்து மடியில் வைத்தார். "கொண்டு போய் அவிச்சிப் பாருங்க. ஒட்டின பசை நல்லதா கெட்டதா எண்டு அது சொல்லும். மறுகா என்ன குறை சொல்லாதீங்க."

அவித்தேன். விடிந்ததும் பீற்றிஸின் பெரிய பானையை எடுத்து, அதற்கும் வெறும் குசினியிடம் அனுமதி கேட்டு, நாலு துண்டிலும் பென்சிலால் இலக்கம் போட்டு, கொதிக்கிற தண்ணீரில் இறக்கினேன். ஒரு மணி நேரத்தில் முதலாவது துண்டு கோயிலின் பழைய பாட்டுப் புத்தகம் போல ஏடு ஏடாக விரிந்தது. ஏழரைக்குத் தொலைபேசி கூப்பிட்டது, முகம் பார்த்துப் பேசுகிற வீடியோக் கோல். பீற்றிஸ் தினமும் அந்த நேரத்துக்குத்தான் எடுப்பாள். அங்கே பிள்ளைகளைப் படுக்கப் போட்டிருக்கும் நேரம்.

"என்ன அடுப்பில அவியுது?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் பார்த்து.

"மரவள்ளிக் கிழங்கு."

"இவ்வளவு புகையா?"

"முத்தின கிழங்கு, புள்ள."

"சம்பலோட சாப்பிடுங்க. வெறும் கிழங்கெண்டா தொண்டையில அடைக்கும்."

"அடைக்கும்தான்" என்றேன்.

பேச்சு முடிந்த பிறகும், வைக்கிறன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எப்ப வாறாய் என்று கேட்டால் "பாப்பம்" என்பாள். அந்தப் "பாப்பம்" தாங்க முடியாததால் சித்திரைக்குப் பிறகு நான் கேட்பதையே விட்டிருந்தேன். கச்சான் காற்று ஜன்னலை அடித்தது. "அதைச் சாத்துங்க" என்றாள் அவள், பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து. எழும்பிப் போய்ச் சாத்தினேன்.

பத்து மணிக்கு இரண்டாவது துண்டு மூலையில் வாய் பிளந்தது. மூன்றாவதற்கு மேலெல்லாம் கொப்புளம். நாலாவது மத்தியானம் வரைக்கும் கொதித்தும் அசையவில்லை. கத்தியைச் செருகிப் பார்த்தேன், போகவில்லை. கடித்துப் பார்த்தேன். என் பல்லில் ஒன்று ஆடுகிறது இன்றைக்கும்.

அந்த நாலாவது வகையில் இரண்டு பெரிய பலகையும், முதுகுக்கு ஒரு மெல்லிய பலகையும் எடுத்தேன். சின்ன லொறியில் ஏற்றி, பறக்காமல் இருக்க நானே மேலே ஏறி உட்கார்ந்தேன். கல்லடிப் பாலத்தில் கச்சான் காற்று கீழே புகுந்து பலகையைத் தூக்கியது. லொறியின் நாலு சில்லும் தார் ரோட்டை விட்டு எழும்பி, வாவியில் வலை வீசிக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேலால் நாங்கள் போனோம். சாரதி இதை மறுப்பான். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அவனுக்கென்ன தெரியும்?

பலகைக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே முறைதான்: புது வீட்டுக்கு வந்ததும் முதல் ஒரு கிழமை ஒரு வேலையும் கொடுக்காமல் விட வேண்டும். எங்கள் வாவிக்கரை ஈரத்துக்குப் பலகை பழக வேண்டும். விறாந்தையில் செங்கல் அடுக்கி மட்டம் பார்த்துப் படுக்கப் போட்டேன். வளையாமலிருக்கப் பாரம் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்தக் கிழமை முழுக்க அதன்மேல்தான் பாய் விரித்தேன். கட்டிலில் ஒரு பக்கம் சும்மா கிடக்கிறது. அதை விடப் பலகை நல்லது.

பிறகு வேலை தொடங்கினேன். கத்தியால் கோடு கீறிவிட்டு வாள் பிடித்தால் மேல் ஏடு பிய்யாது. தட்டுகளுக்கு மேல் ஏட்டின் நரம்பு நீளவாக்கில் ஓட வேண்டும்; குறுக்கே ஓடினால் பாரத்தில் தொய்யும். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். பக்கப் பலகை இரண்டும் ஏழடி. ஐந்து தட்டு. நிமிர்த்தி நிறுத்தி, தட்டுகளை ஆணி இல்லாமல் சும்மா பொருத்தி, மேல் தட்டில் அரிசிமாப் பேணியைத் தூக்கி வைத்தேன். வைத்த கையைக் கீழே இறக்காமல் அப்படியே நின்றேன்.

என் கைக்கு எட்டும் உயரத்தில் தட்டு வைத்திருக்கிறேன். பீற்றிஸின் கை எங்கே எட்டும்?

வாவியின் அளவுகோலில் இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு வெள்ளம் எந்தக் கோட்டில் நின்றது என்று நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்வேன். நாற்பது வருடம் என்னோடு ஒரே வீட்டில் இருந்த பெண் என் தோளுக்கு வருவாளா காதுக்கு வருவாளா என்று யோசித்தால் தெரியவில்லை. குசினி அவளுடையது. நான் வாசலில் நின்று "தேத்தண்ணி" என்பேன், அது வரும். அவள் அதை எந்தத் தட்டிலிருந்து, எப்படி எட்டி எடுத்தாள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கண்ணை மூடி அவளை அலுமாரிக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தேன். கை தெரிந்தது, வளையல் தெரிந்தது, உயரம் மட்டும் வரவில்லை.

மறுநாள் காலை தொலைபேசி கூப்பிட்டதும், "புள்ள, எழும்பி நில். கையை மேல தூக்கு" என்றேன்.

"ஏன், பொலிஸா?"

"குதிக்காலைத் தூக்காம உன்ட கை எவ்வளவுக்கு எட்டும் எண்டு பாக்கணும். அலுமாரி செய்யிறன்."

"ஆரு?"

"நான்தான்."

பீற்றிஸ் சிரித்த சிரிப்பில் தொலைபேசியே ஆடியது. "சுகந்தினி! இஞ்ச ஓடி வா, கொப்பா அலுமாரி செய்யிறாராம். ஆணி அடிச்சா விரலுக்கு அடிக்கிற மனிசன்!"

சுகந்தினி அளவு நாடாவோடு வந்தாள். தொலைபேசியை எங்கோ சாய்த்து வைத்தார்கள். பீற்றிஸ் சுவரோடு நின்று கையைத் தூக்கினாள்.

"அது இடக்கை" என்றேன். "நீ சாமான் எடுக்கிறது வலக்கையால."

"எந்தக் கையெண்டா என்ன? ரெண்டும் ஒரே நீளம்தான்."

"அளக்கிறதெண்டா ஒழுங்கா அளக்கணும். வலக்கையைத் தூக்கு."

தூக்கினாள். கை தோள் மட்டத்துக்கு வந்தது, நின்றுவிட்டது. அவள் சும்மா கழுத்தைச் சொறிவது போலக் காட்டினாள். முகம் மாத்திரம் சுருங்கிப் போயிற்று.

"சொல்லிருங்கம்மா" என்றாள் சுகந்தினி. பிறகு தானே சொன்னாள். "அம்மாட வலது தோள் இறுகிப் போச்சு அப்பா. மாசியில இருந்து. பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறம். மெல்ல மெல்லத்தான் வருமாம்."

"ஏன் புள்ள எனக்குச் சொல்லல்ல?"

"உங்களுக்குச் சொன்னா, எனக்கு ரெண்டு கையும் போயிட்டெண்டு தாண்டவன்வெளி முழுக்கச் சொல்லித் திரிவீங்க" என்றாள் பீற்றிஸ். மறுபடி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "வந்து நான் என்ன செய்யிற? ஒரு தேங்காய் துருவ ஏலாது. சோத்துப் பானைய இறக்க ஏலாது. என்ட குசினியில நான் கதிரை போட்டு இருந்து பாத்துக்கொண்டிருக்கிறதா?"

சுகந்தினி நாடாவைப் பிடித்துப் பார்த்து, "நாலடி ஒரு அங்குலம், அப்பா" என்று மெதுவாகச் சொன்னாள்.

அன்று முழுவதும் விறாந்தையில் இருந்து அந்தப் பக்கப் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம் ஒரு கையை மறைத்து வைத்து என்னோடு பேசியிருக்கிறாள். மரவள்ளிக்குச் சம்பல் சொன்னதும் அந்தக் கையோடுதான். பின்னேரம் எழும்பி, நாலடி ஒரு அங்குலத்தில் ஒரு கோடு கீறினேன்.

காலையில் அவள் எடுத்தபோது வாள் என் கையில் இருந்தது.

"என்ன செய்யப் போறீங்க?"

"மேல் பாதியை அறுத்து எடுக்கப் போறன். உனக்கு எட்டாத தட்டு எனக்கு எதுக்கு?"

"நல்ல பலகைய அறுக்காதீங்க!" என்று கத்தினாள்.

"நல்ல பலகையெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"விளிம்பைக் காட்டுங்க."

தொலைபேசியை விளிம்போடு பிடித்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வாய்க்குள் எண்ணினாள். ஒருமுறை பிழைத்து, திரும்பவும் முதலில் இருந்து எண்ணினாள். "பதின்மூண்டு" என்றாள். "சிப்போர்ட் இல்லை இது." பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். "வாளைக் கீழ வையுங்க. மேல் தட்டு இருக்கட்டும். மாப் பேணியும் பெரிய சட்டியும் மேல. நான் கேக்கக்குள்ள நீங்க எடுத்துத் தரணும்."

"தேங்காய் ஆர் துருவிற?"

"வீட்டில வேற ஆர் இருக்கிறாங்க?"

"எனக்குத் தெரியாதே புள்ள."

"நாற்பது வருசம் தின்னத் தெரிஞ்சிதுதானே."

அடுத்த நாளே திருவலையை எடுத்துப் போட்டு, தொலைபேசியை உரலில் சாய்த்து வைத்துத் துருவினேன். முதல் நாள் சிரட்டையும் சேர்ந்து வந்தது. தேங்காய்ப்பூவை விடச் சிரட்டைதான் கூட. "மெல்ல, மெல்ல. அரக்கித் தள்ளாம, சுத்திச் சுத்தி" என்று கத்திக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் பீற்றிஸ், "பரவாயில்ல" என்றாள். அவளிடமிருந்து அந்தச் சொல்லை நான் வாங்கியது வாழ்நாளில் மூன்றாவது தடவை; மற்ற இரண்டும் எதற்கென்று சொல்ல மாட்டேன்.

ஆவணி நடுவில் அலுமாரி நின்றது. அடியில் செங்கல், சுவருக்கும் முதுகுக்கும் இடையில் இரண்டு விரல் காற்று, முன்னால் ஒற்றைக் கதவு, இரண்டு பூச்சு வார்னிஷ். நிலத்திலிருந்த பேணிகளை அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக ஏற்றினேன். எல்லாம் முடிந்ததும் தொலைபேசியைத் தூரப் பிடித்து முழுவதையும் காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"கதவு எந்தப் பக்கத்தால திறக்குது?"

"கைபிடி வலப்பக்கம்."

"மாத்துங்க. வலப்பக்கம் கைபிடியக் கண்டா என்ட வலக்கை தன்ட பாட்டில போகும், மறுகா நோகும். இடக்கைக்கு வையுங்க."

என் நெஞ்சு அடித்த அடி பல மைல் தள்ளியிருக்கும் கல்லாறு வரைக்கும் கேட்டிருக்கும். குரலை மட்டமாக வைத்துக்கொண்டு, "எப்பைக்கு மாத்தி வைக்க?" என்று கேட்டேன்.

"நத்தாருக்கு முதல். பலகாரத்துக்கு மா வறுக்கணும், இடிக்கணும், எல்லாம் நீங்கதான். நான் கதிரையில இருந்து சொல்லுவன்" என்றாள். பிறகு, "கதிரைய ஜன்னலுக்குக் கிட்ட போட்டு வையுங்க" என்றாள்.

அன்றைக்குப் பத்து மணிக்கு முன்பே கீல்களைக் கழற்றி மறுபக்கம் பூட்டிவிட்டேன். பழைய துளைகளை மரத்தூளால் அடைத்தேன். பாலன் பிறக்கும் நத்தாருக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கிறது. காலையிலும் பின்னேரத்திலும் அலுமாரிக்கு முன்னால் போய் நின்று இடக்கையால் கதவைத் திறக்கிறேன், சாத்துகிறேன். கீல் இறுகிப் போய்விடக் கூடாது.